ரீடிங் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சீனு

சீனு, முதலில் பதறாமல் உட்கார். எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. காலையில் இரண்டு இட்லி தின்றேன், மாத்திரை போட்டேன், வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். கட்டிலில் உட்கார்ந்து உன்னுடைய பழைய பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளிப் துருப்பிடித்துப் போயிருக்கிறது, ஆனாலும் காகிதத்தை விடாமல் பிடிக்கிறது. விஷயம் ஒன்றே ஒன்றுதான். நீ என்னோடு பேச வேண்டும். அதை ஒரு வரியில் அனுப்பினால் நீயும் ஒரு வரியில் "சரிம்மா" என்று போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். உன்னைத் தெரியாதா எனக்கு? அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். போனிலேயே இதையெல்லாம் சொல்லலாமே என்பாய். எனக்கு வராதுடா. உன் குரல் கேட்டதும் "நல்லா கீறேன் நைனா, நீ சாப்டியா, பாப்பா தூங்கிடுச்சா" என்றுதான் வாய் போகும். உள்ளே இருப்பது உள்ளேயே தங்கிவிடும். எழுத்தில்தான் எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும்.

போன வருஷம் லீவில் வந்தபோது மீட்டருக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை டப்பாவை மாட்டிவிட்டுப் போனாய். ஆரம்பாக்கத்து வீட்டில் எத்தனை வோல்ட் வருகிறது, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எத்தனை வாட் ஓடுகிறது என்று கத்தாரில் உன் போனில் தெரியும் என்றாய். அங்கே பெரிய பெரிய கட்டடங்களின் கரண்டை ஒரே அறையில் உட்கார்ந்து திரையில் பார்ப்பதுதானே உன் உத்தியோகம், அதையே அம்மாவுக்கும் செய்துவிட்டாய் என்று நான் பெருமைப்பட்டது நிஜம். "இன்னாம்மா பண்றது, நீ இங்க ஒண்டியா கீற, எனக்கு அங்க பேஜாரா கீது. இத்த மாட்டிட்டா நீ எழுந்தியா, சமைச்சியா, எல்லாம் அங்கேருந்தே பாத்துக்குவேன்" என்று ஏணி மேல் நின்றுகொண்டு சொன்னாய். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வசந்தா வந்து பார்த்துவிட்டு, "அக்காவுக்கு இன்னா கவலை, புள்ள ஊட்டையே பாக்கெட்ல போட்டுக்கினு போறான்" என்றாள். அன்றைக்கு எனக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

ஆரம்பத்தில் அந்த டப்பா நன்றாகவே வேலை செய்தது. டப்பாவைச் சொல்லவில்லை, உன்னைச் சொல்கிறேன். நாத்து விடுகிற சமயத்தில் வயலுக்கெல்லாம் மோட்டார் ஓடி நம் தெருவில் கரண்ட் இறங்கினால் உடனே கூப்பிடுவாய். "யம்மா, நூத்தித் தொண்ணூறுதான் கீது, ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணு." ஆஃப் பண்ணிவிட்டு வந்து பேசுவேன். பேச்சு எங்கெங்கோ போகும். வசந்தா வீட்டு எருமை, கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் மீன் விலை, பாப்பாவுக்கு விழுந்த பல். ஒருநாள் மிக்சி ரொம்ப நேரம் ஓடுவதைப் பார்த்துவிட்டு "இன்னா அரைக்கிற, யாரு விருந்தாளி?" என்று கேட்டாய். யாரும் இல்லை, உனக்குப் பிடிக்குமே என்று பருப்புப் பொடி அரைத்தேன், அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. அதற்கும் சிரித்தோம். பிறகு உனக்கு என் வீடு பழகிவிட்டது. காலையில் மோட்டார் போடுவாள், மிக்சி போடுவாள், மத்தியானம் ஃபேன், சாயந்திரம் டிவி. எல்லாம் அந்தந்த நேரத்துக்கு அந்தந்த அளவில் ஏறி இறங்குகிறது. அப்புறம் எதற்குக் கூப்பிட வேண்டும்? தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்று ஆனது. அப்புறம் அதுவும் போய், செய்தி மட்டும் வந்தது. "ரீடிங் பார்த்தேன்மா, எல்லாம் ஓகே." நானும் ஓகே என்று ஒரு கட்டை விரலைப் போட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே, உன் மேல் மட்டும் பழி போடவில்லை. நான் வேலை செய்த பெஞ்சுக்கும் அதே குணம்தான். உன் அப்பா போன பிறகு நான் சிப்காட்டில் ஹீட்டர் ராடு கம்பெனிக்கு வேலைக்குப் போனது உனக்குத் தெரியும், ஆனால் உள்ளே என்ன செய்தேன் என்று முழுக்கத் தெரியாது. டெஸ்டிங் பெஞ்ச். பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் காய வைக்கிற ராடு, ஆயிரத்து ஐநூறு வாட். ராடைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, வயரை மாட்டி, சுவிட்சைப் போட வேண்டும். வோல்ட் இருநூற்று முப்பது. ஆம்பியர் முள் ஆறரையில் நிற்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே வரும். அது கம்பிக்குள் இருக்கிற தடை. இரண்டையும் பெருக்கினால் வாட், ஆயிரத்து ஐநூறுக்கு ஒட்டி வரும். முள் ஏழரைக்குப் போனால் கம்பியைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள், தடை குறைந்து கரண்டை அள்ளிக் குடிக்கிறது, சீக்கிரம் எரிந்துபோகும். ஐந்தில் நின்றால் கம்பி நீளம், தடை அதிகம், ரயிலுக்குப் போகிறவன் குளிப்பதற்குள் தண்ணீர் காயாது. அவ்வளவுதான் வேலை. கொஞ்ச நாளில் முள்ளைப் பார்த்ததுமே கை தானாகப் பிரித்துப் போட்டுவிடும்.

உன் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அதே கணக்கு வந்தது. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்று சத்தம் போட்டு உருப்போட்டுக்கொண்டிருந்தாய். நான் வெங்காயம் அரிந்துகொண்டே, "இன்னாடா நோவு புடிச்ச பேரெல்லாம் சொல்ற, இருநூத்தி முப்பதுக்கு ஆறரைன்னா எத்தினி ஓம் வருது பாரு" என்றேன். நீ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தாய். "யம்மா, இதத்தான் நீ நாள் பூரா பண்றியா?" ஆமாண்டா என்றேன். எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது, என் ஓமுக்கு மின்தடை என்று இவ்வளவு மரியாதையான பெயர் இருக்கிறது என்று. அப்புறம் நாம் சும்மா இருந்தோமா? வீட்டில் சூடாகிற சாமான் ஒன்றையும் விடவில்லை. அயர்ன் பாக்ஸ் ஆயிரம் வாட், அப்படியானால் நாலேகால் ஆம்பியருக்கு மேலே கொஞ்சம், ஐம்பத்து மூன்று ஓம். அந்த வாரம் முழுக்க நீ அயர்ன் பாக்ஸை "ஐம்பத்தி மூணு" என்றே கூப்பிட்டாய். "யம்மா, அம்பத்தி மூணு எங்க?" ஃபேனுக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்து வராது, மோட்டார் வேறு சாதி என்று வாத்தியாரிடம் கேட்டு வந்து எனக்குச் சொன்னாய். நாம் இரண்டு பேரும் அவ்வளவு பேசியது அந்த வருஷம்தான்.

பெஞ்சைப் பற்றி ஒன்று சொல்ல வந்தேன், எங்கேயோ போய்விட்டேன். ரீடிங் சரியாக இருக்கிற ராடுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி டிரேயில் போடுவோம். அதற்கப்புறம் அதை யாரும் தொடுவதில்லை, நேராகப் பெட்டிக்குள் போய்விடும். ரிஜெக்ட் ஆனதைத்தான் எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். சூப்பர்வைசர் வருவார், கம்பி சுற்றும் அம்மா வருவாள், கையில் வைத்துத் திருப்பித் திருப்பி, எங்கே தப்பு, யார் செய்தது, என்ன ஆச்சு என்று பேசுவார்கள். நல்ல பீஸுக்கு ஒரு பேச்சும் கிடையாது. இத்தனை வருஷம் அப்படித்தான் நானும் பிரித்துப் போட்டேன், அதில் தப்பு இருப்பதாக ஒருநாளும் தோன்றவில்லை. ராடுக்கு அது சரிதான். உன் போனில் நான் நாள் தவறாமல் பச்சை ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கிறுக்குப் புத்தி வந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் நீ தப்பாகவே நினைத்துக்கொண்டிருப்பாய். சாயந்திரம் ஒருநாள், துணி ஒன்றும் இல்லாமலே, அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்து சுவிட்சைப் போட்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன், பாதுகாப்பில் குறை வைக்கவில்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, போன் வந்துவிட்டது. "யம்மா, அம்பத்தி மூணு ஓடிக்கினே கீது, மறந்துட்டியா?" அந்தப் பெயரை நீ மறக்கவில்லை பார்! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அடடா, ஆமாண்டா, மறந்தே பூட்டேன்" என்று நடித்தேன். நீ திட்டினாய். திட்டு எவ்வளவு நேரம் நீளுமோ அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமும் போட்டேன். அதற்கடுத்த வாரமும். ஆக, உன் அம்மா வேண்டுமென்றே ரிஜெக்ட் பீஸ் ஆனாள். மறதி இல்லைடா, திமிர். ரீடிங் கெட்டுப்போனால்தான் எடுத்துப் பார்ப்பான் என்றால் கெட்டுப்போகட்டுமே என்று.

ஆனால் நீ என்ன செய்தாய்? உன் பெண்டாட்டியிடம் "அம்மாவுக்கு ஞாபகம் தப்புது" என்றாய். வசந்தாவுக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாய், கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி. அவள் என்னிடம் வந்து என் முகத்தையே உற்றுப் பார்த்து, "அக்கா, நான் யாரு சொல்லு" என்றாள். "நீ யாரா? என் ஊட்டு முருங்கையக் கேக்காமப் பறிக்கிறவ" என்றேன். போய்விட்டாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து எலக்ட்ரீஷியன் ஒருவரை அனுப்பி அந்த பிளக்கிலும் ஒரு டப்பா மாட்ட வைத்தாய். அது எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. மறுபடி ஒருநாள் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு, தலை வாரிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிளக்கில் "டிக்" என்று ஒரு சத்தம். அயர்ன் பாக்ஸில் சிவப்பு விளக்கு அணைந்தது. போன் அடிக்கவில்லை. நீ அங்கிருந்தே அணைத்துவிட்டாய். என் வீட்டுக்குள் உன் கை வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டது போல இருந்தது. அந்தப் பெட்டி ஆறிச் சில்லிட்டுப் போகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு நான் டிவி போடவில்லை. அதையும் நீ கவனித்திருக்க மாட்டாய்.

இனி சொல்லப்போவதைத்தான் நீ பதறாமல் படிக்க வேண்டும். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று ஒரு மாத்திரை போட்டுப் படுத்தேன், அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. கை கால் மரத்துப்போன மாதிரி, தலையைத் தூக்கினால் கூரை சுற்றுகிறது. போன் சமையலறையில் கிடந்தது. நாலு எட்டு வைத்தால் வந்துவிடும், என்னால் முடியவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் தன் பாட்டுக்கு முனகிவிட்டு அடங்கும், மறுபடி முனகும். எனக்கு அந்தக் காய்ச்சலிலும் தெரிந்தது, நீ இதைப் பார்ப்பாய் என்று. ஃபேன் இவ்வளவு, ஃப்ரிட்ஜ் இவ்வளவு, அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், ஓய்வெடுக்கிறாள். எனக்கே அந்தத் திரையைக் காட்டியிருந்தால் நானும் பச்சை ஸ்டிக்கர்தான் ஒட்டியிருப்பேன். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம், பிறகு வசந்தா சொன்னாள். எனக்கு நினைவில்லை.

அவள்தான் வந்தாள். வாசலில் முந்தின நாள் பால் பாக்கெட்டும் அன்றைய பால் பாக்கெட்டும் சேர்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். "இன்னாக்கா இது, நேத்து பாலு கெட்டு நாறிக்கினு கீது! கதவத் தொற! யக்கா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். தவழ்ந்துதான் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். அவளும் அவள் வீட்டுக்காரரும் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டு போனார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாற்று நடவு நேரத்தில் வேலையை விட்டுவிட்டு அந்த மனுஷர் ஆஸ்பத்திரி வாசலில் துண்டைப் போட்டுப் படுத்திருந்தார். இதை நீ மறக்கக் கூடாது, லீவில் வரும்போது அவர்கள் வீட்டுக்கு முதலில் போ. வசந்தா உனக்குப் போன் போடுகிறேன் என்று எடுத்தாள். நான் பிடுங்கிவிட்டேன். "அவன்ட்ட சொன்னியோ, உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றேன். "அய்ய, இன்னா வீம்பு இது, சாவக் கெடந்துட்டு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீம்புதான். நீயாகக் கேட்கிறாயா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

வீடு திரும்பி, கஞ்சி குடித்துவிட்டுப் போனை எடுத்தேன். உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "அம்மா, இந்த வாரம் கரண்ட் பாதியா குறைஞ்சிருக்கு. சூப்பர்மா!" கூடவே கை தட்டுகிற பொம்மை. சீனு, மிக்சி போட ஆள் எழுந்திருக்கவில்லை. மோட்டார் போட ஆள் எழுந்திருக்கவில்லை. அதனால்தான் குறைந்தது. அதைப் படித்துவிட்டு எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பதிலுக்கு நான் என்ன போட்டேன் தெரியுமா? தேடிப் பார், இருக்கும். "தேங்க்ஸ்டா கண்ணு" என்று போட்டேன். உன்னைவிட நான்தான் பெரிய மக்கு.

நீ கெட்டவன் இல்லை. அது எனக்குத் தெரியும். டப்பா மாட்டியதே பாசத்தில்தான். ஆனால் அது கம்பியில் ஓடுவதை அளக்கும் சாமான்டா. நாம் இரண்டு பேரும் கணக்குப் போட்டு வளர்ந்தவர்கள், எண் சரியாக வந்துவிட்டால் நமக்கு மனசு அடங்கிவிடுகிறது. பாப்பா அறையில் கேமரா வைத்திருக்கிறாய், அவள் தூங்குவதைத் திரையில் பார்த்துவிட்டு நீயும் படுத்துவிடுவாய் என்று உன் பெண்டாட்டி ஒருமுறை சொன்னாள். பார், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எழுந்து போய் நெற்றியில் கை வைத்துவிட்டு வா. திரையில் சூடு தெரியாது. என் மருமகளிடமும் அப்படித்தான். அவள் முகம் சரியாக இருக்கிறது, சமையல் சரியாக இருக்கிறது, அதனால் எல்லாம் சரி என்று நீயாக முடிவு கட்டாதே. நன்றாக இருக்கிறவர்களிடமும் போய் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேள். நான் உன்னிடம் தினமும் பேசச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போதும். என்ன தின்றேன், யாரோடு சண்டை போட்டேன், கால் வலி எப்படி, இந்த மாதிரி எந்த மீட்டரிலும் வராததாகப் பார்த்து ஒன்று கேள். கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கிறவரை இரு.

இப்போது எழுந்து போய் அந்த டப்பாவையும் பிளக்கில் இருப்பதையும் கழற்றப் போகிறேன். செருப்பு போட்டுக்கொண்டு, மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம். ஏணியை வசந்தா வந்து பிடிப்பாள். கழற்றியதும் உன் போனில் வோல்ட் சைபர், ஆம்பியர் சைபர் என்று நிற்கும். சைபரை சைபரால் வகுத்து ஓம் கண்டுபிடிக்க முடியாது. பெருக்கினாலும் ஒன்றும் வராது. அயர்ன் பாக்ஸ் மாதிரி இதுவும் ஒரு நாடகம் என்று நினைத்துவிடாதே. அப்போது உனக்குப் பொய் ரீடிங் காட்டினேன், இனி ரீடிங்கே கிடையாது. என்னைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை நான் உடனே அனுப்பப் போவதில்லை. சைபரைப் பார்த்துவிட்டு நீ என்ன செய்கிறாய் என்று காத்திருப்பேன். "வைஃபை பாரும்மா" என்று செய்தி மட்டும் வந்தால் இதை மடித்து உன் அப்பா படத்துக்குப் பின்னால் செருகிவிடுவேன், உன் கண்ணுக்கு வரவே வராது. நீ கூப்பிட்டால் மட்டும், பேசி முடித்துவிட்டு, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். ஆக, இதை நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் கூப்பிட்டிருக்கிறாய். போனில் நான் என்ன பேசினேனோ இப்போது எனக்குத் தெரியவில்லை. பேசாமல் அழுதிருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே நைனா.